சுமை இறங்கிய சுவர்: நவீனக் கட்டடக் கலைஞர்களைப் புரிந்துகொள்ள ஒரு வழி

வீடு கட்ட நினைத்து இன்ஜினியரிடம் போய் உட்கார்ந்தால், சீக்கிரமே ஒரு கேள்வி வந்துவிடும்: "பில்லர் போட்டுக் கட்டலாமா, லோடு பேரிங்கா?" செலவு எவ்வளவு, மண் எப்படி, பின்னால் மாடி எடுப்பீர்களா என்று பேச்சு அப்படியே நகர்ந்துவிடும். ஆனால் நவீனக் கட்டடக் கலையின் பெரும்பகுதி அந்தக் கேள்வியிலிருந்து கிளம்பியதுதான். லெ கார்பூசியே, மீஸ் வான் டெர் ரோ, ஃபிராங்க் லாய்டு ரைட், லூயி கான் என்று பெயர்களை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. இந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால் அவரவர் பாணி ஏன் அப்படி இருக்கிறது என்பது விளங்கிவிடும்.

லோடு பேரிங் என்றால் தளத்தின் எடையைச் சுவரே தாங்குகிறது. நம் பழைய வீடுகள் அப்படித்தான்: கனமான சுவர், அதன்மேல் தேக்கு உத்தரம், அதற்குமேல் மெட்ராஸ் டெரஸ் தளம். இந்த முறையில் சுவருக்குச் சுதந்திரம் கிடையாது. நினைத்த அகலத்துக்கு ஜன்னல் வைக்க முடியாது. எடை கீழே இறங்க வழி வேண்டும். மாடியில் ஓர் அறையைப் பிரிக்க வேண்டுமென்றால் அதற்கு நேர் கீழே சுவர் இருக்க வேண்டும்.

பில்லர் கட்டடத்தில் கதையே வேறு. கான்கிரீட் அமுக்குவதைத் தாங்கும், இழுத்தால் வெடித்துவிடும். இழுப்பைத் தாங்குவது இரும்புக் கம்பி. கம்பி கட்டிக் கான்கிரீட் போட்டால் தூணும் பீமும் தளமும் சேர்ந்து ஒரே சட்டகமாக நிற்கின்றன. சுவர் இல்லாமலே கட்டடம் நிற்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் பிரான்சும் ஜெர்மனியும் இந்த முறையில் வேகமாக முன்னேறின. சிகாகோவில் எஃகுச் சட்டகம் இதே வேலையைச் செய்து உயரமான கட்டடங்களை எழுப்பியது.

சரி, காலங்காலமாக எடை சுமந்த சுவருக்கு இப்போது அந்த வேலை இல்லை. இனி அதை என்ன செய்வது? இதற்கு ஒவ்வொருவரும் சொன்ன பதில்தான் அவருடைய பாணி.

பதில் சொன்னவர்களில் மூன்று பேர் ஒரே அலுவலகத்தில் வேலை பார்த்தவர்கள். பெர்லினை ஒட்டி பீட்டர் பெரன்ஸ் என்ற கட்டடக் கலைஞர் அலுவலகம் வைத்திருந்தார். ஏ.இ.ஜி. மின் நிறுவனத்தின் டர்பைன் தொழிற்சாலையை 1909-ல் வடிவமைத்தவர். 1908-க்கும் 1911-க்கும் இடையில் அவரிடம் வால்டர் குரோபியஸ், மீஸ், லெ கார்பூசியே மூவரும் வெவ்வேறு சமயங்களில் இருந்தார்கள். குரோபியஸ் அங்கிருந்து வெளியே வந்து, அடால்ஃப் மேயரோடு சேர்ந்து ஃபாகுஸ் தொழிற்சாலையை 1911-ல் தொடங்கினார். அதன் மூலையில் தூண் இல்லை. இரண்டு பக்கத்துக் கண்ணாடியும் அங்கே நேரடியாகச் சந்திக்கின்றன. வழக்கமாகக் கட்டடத்தின் மூலைதான் கனமாக இருக்கும். அதைக் கண்ணாடியாக்கியதன் மூலம் "இங்கே சுவர் எதையும் சுமக்கவில்லை" என்று பார்ப்பவருக்குக் காட்டிவிட்டார். பிறகு 1919-ல் வைமார் நகரில் பௌஹவுஸ் என்ற வடிவமைப்புப் பள்ளியைத் தொடங்கினார். அது தனிக் கட்டுரைக்கான விஷயம்.

லெ கார்பூசியேயின் இயற்பெயர் சார்ல்-எடுவார் ஜானரே. 1887-ல் சுவிட்சர்லாந்தின் கடிகாரத் தொழில் ஊரான லா ஷோ-த-ஃபோனில் பிறந்தவர். அவரும் சரி, மீஸும் சரி, கட்டடக் கலையில் பட்டம் வாங்கியவர்கள் அல்ல; வேலை பார்த்தே கற்றவர்கள். லெ கார்பூசியே பாரிஸில் ஓகுஸ்த் பெரே என்ற கட்டடக் கலைஞரிடம் கான்கிரீட்டைக் கற்றுக்கொண்டார். 1914-ல், முதல் உலகப் போர் மூண்ட சமயம், டோம்-இனோ என்று ஒரு படம் வரைந்தார். மூன்று தளங்கள், ஆறு தூண்கள், ஒரு மாடிப்படி, அவ்வளவுதான். போரில் இடிந்த ஊர்களை வேகமாகத் திரும்பக் கட்டுவதற்கான யோசனை அது. அன்றைக்கு யாரும் அதைக் கட்டவில்லை. இன்று தளம் போட்டு சென்டரிங் பிரித்து, சுவர் எழுப்பாமல் நிற்கிற எந்த அபார்ட்மென்ட்டைப் பார்த்தாலும் கிட்டத்தட்ட அந்தப் படம்தான்.

அந்தப் படத்திலிருந்து அவர் எடுத்த முடிவுகளை 1920-களின் பிற்பகுதியில் ஐந்து விதிகளாக எழுதினார். வீட்டைத் தூண்கள்மேல் தூக்கிவிட்டுத் தரையைத் திறந்து விடு. மொட்டைமாடியைத் தோட்டமாக்கு. உள்தடுப்புகளைத் தேவையான இடத்தில் வை. முகப்பும் சுமை தாங்காததால் அதை இஷ்டப்படி அமை. ஜன்னலை இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை ஒரே பட்டையாக ஓடவிடு. ஐந்தும் பில்லர் இருந்தால் மட்டுமே நடக்கக்கூடியவை. இவற்றில் முதல் விதி சென்னையில் ஸ்டில்ட் பார்க்கிங்காக வாழ்கிறது. அவர் காற்றுக்கும் பசுமைக்கும் விடச் சொன்ன இடத்தில் நாம் காரை நிறுத்துகிறோம்.

காருக்கு அவரும் இடம் கொடுத்தவர்தான். பாரிஸை அடுத்த புவாசியில் 1931-ல் முடிந்த வில்லா சவோயில் ஐந்து விதிகளும் ஒரே வீட்டில் இருக்கின்றன. மெல்லிய தூண்கள்மேல் வெள்ளைப் பெட்டி. கீழ்த்தளத்தின் கண்ணாடிச் சுவர் வளைந்து போகிறது. அந்த வளைவு கார் திரும்புவதற்குத் தேவைப்படுகிற அளவை வைத்துப் போட்டது. உள்ளே நடுவில் ஒரு சாய்தளம் மொட்டைமாடி வரை ஏறுகிறது. படங்களில் பார்த்தால் அவ்வளவு சுத்தம். ஆனால் கூரை ஒழுகியது. வீட்டுக்காரம்மா மதாம் சவோய் மழை உள்ளே வருவதைப் பற்றிக் கட்டடக் கலைஞருக்குக் கடிதம்மேல் கடிதம் எழுதினார். சன்ஷேடு இல்லாத சுவர், சமதளக் கூரை, அன்றைய நீர்க்காப்பு முறைகள் மூன்றும் சேர்ந்தால் வேறென்ன நடக்கும்? பின்னால் பள்ளிக்கூடம் கட்டுவதற்காக இடிக்கப்பட இருந்த அந்த வீடு காப்பாற்றப்பட்டு, 1965-ல் பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னமானது. யோசனையாக அந்த வீடு மிகப் பெரியது, குடியிருக்கத் தோற்றது. இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

மீஸின் பதில் இன்னும் கறாரானது. 1886-ல் ஆகன் நகரில் கல் தச்சர் ஒருவரின் மகனாகப் பிறந்தவர். கல்லும் உலோகமும் எங்கே, எப்படிச் சேர வேண்டும் என்பதில் அவருக்கு இருந்த பிடிவாதம் அங்கிருந்து வந்ததாகவே எனக்குத் தோன்றுகிறது. 1929-ல் பார்சிலோனா கண்காட்சிக்கு ஜெர்மனியின் சார்பில் ஒரு மண்டபம் கட்டினார். லில்லி ரைக் என்ற வடிவமைப்பாளர் உடன் வேலை செய்தார். குரோம் பூசிய எட்டுத் தூண்கள், குறுக்கே வெட்டிப் பார்த்தால் கூட்டல் குறி வடிவம். தூண்களை ஒட்டாமல் தள்ளித் தள்ளிப் பளிங்குப் பலகைகள், ஓனிக்ஸ் கல்லில் ஒரு சுவர். எடை தூணில், அழகு சுவரில் என்று வேலையைப் பிரித்துவிட்டார். அறை என்று தனியாக ஒன்றும் இல்லை. ஒரு பலகையைச் சுற்றிப் போனால் அடுத்த இடம் திறக்கும். கண்காட்சி முடிந்ததும் அடுத்த ஆண்டே அதைப் பிரித்துவிட்டார்கள். இன்று பார்சிலோனாவில் இருப்பது 1986-ல் அதே இடத்தில் திரும்பக் கட்டியது.

நாஜி ஆட்சியின் நெருக்கடியில் பௌஹவுஸ் 1933-ல் மூடப்பட்டது. அதன் கடைசித் தலைவர் மீஸ்தான். 1938-ல் சிகாகோ போனார். அங்கே அவருடைய பதில் முழுக்கக் கண்ணாடியாகவே ஆகிவிட்டது. நியூயார்க்கின் சீகிராம் கட்டடத்தை (1958, 38 மாடி) கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். தீ விபத்தில் எஃகு சீக்கிரம் வளைந்துவிடும் என்பதால் சுமை தாங்கும் எஃகைக் கான்கிரீட்டால் மூட வேண்டும் என்பது அந்த நகரத்தின் விதி. எதைக் கொண்டு கட்டடம் நிற்கிறதோ அதை வெளியே தெரியும்படி விட வேண்டும் என்பது மீஸின் கொள்கை. இரண்டும் மோதின. அவர் என்ன செய்தார் என்றால், கான்கிரீட்டுக்குள் மறைந்துபோன எஃகை நினைவூட்டும்படி வெண்கலத்தில் 'ஐ' வடிவப் பட்டைகள் செய்து, ஜன்னல்களுக்கு நடுவே கீழிருந்து உச்சிவரை வெளிப்புறத்தில் பதித்தார். கண்ணாடித் தோலுக்கு அவை கொஞ்சம் விறைப்புத் தரும். மாடிகளின் எடையைத் தாங்குவதில்லை. இது நேர்மையா, ஒப்பனையா என்று இன்றுவரை வாதம் நடக்கிறது. ஒப்பனைதான், ஆனால் மிக உயர்ந்த ஒப்பனை என்பேன். தூரத்திலிருந்து தட்டைக் கண்ணாடியாகத் தெரிய வேண்டிய சுவருக்கு அந்தப் பட்டைகள் நிழலும் ஆழமும் கொடுக்கின்றன.

அவரைப் பின்பற்றி வந்தவர்கள் அந்தப் பட்டைகளையும் வெண்கலத்தையும் கட்டடத்தின் முன்னால் அவர் விட்ட பெரிய திறந்தவெளியையும் விட்டுவிட்டார்கள்; கண்ணாடியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். சென்னையில் ஐ.டி. நிறுவனங்கள் நிறைந்த ஓ.எம்.ஆர். சாலைப் பக்கம் போனால் அதன் பேரப்பிள்ளைகளைப் பார்க்கலாம். வெயில் கண்ணாடி வழியாக உள்ளே வந்து தரையையும் மேசையையும் சுட வைக்கும். அவை திருப்பிவிடுகிற வெப்பம் அதே கண்ணாடியைத் தாண்டி வெளியே போகாது. அப்புறம் ஏ.சி.தான் கதி. நம்மைவிடக் குளிரான இல்லினாயிலேயே மீஸின் ஃபார்ன்ஸ்வொர்த் வீடு (1951), நான்கு பக்கமும் கண்ணாடியான ஒரே அறை, கோடையில் தகித்தது. வீட்டுக்காரரான டாக்டர் ஈடித் ஃபார்ன்ஸ்வொர்த்துக்கும் அவருக்கும் செலவு விஷயத்தில் தொடங்கிய தகராறு நீதிமன்றம் வரை போனது.

ரைட் இவர்கள் எல்லோருக்கும் மூத்தவர், 1867-ல் பிறந்தவர். சுவரைக் கண்ணாடியாக்குவதைவிட அறை என்ற பெட்டியை உடைப்பதுதான் அவருக்கு முக்கியம். தாங்குதலை மூலையிலிருந்து நகர்த்திவிட்டால் மூலை திறந்துகொள்ளும் என்பது அவர் கண்ட வழி. பென்சில்வேனியாவின் ஃபாலிங்வாட்டர் வீட்டை 1935-ல் வரைந்தபோது வயது 68-ஐத் தொட்டுக்கொண்டிருந்தது. அருவியைப் பார்க்கிற மாதிரி வீடு வரும் என்று, வீடு கட்டச் சொன்ன காஃப்மன் குடும்பம் நினைத்தது. அவர் அருவியின் மேலேயே வீட்டை வைத்தார். கான்கிரீட் தளங்கள் தாங்கலின்றி ஓடைக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கின்றன. அங்கிருந்த பாறை அப்படியே கூடத்தின் தரையைத் துளைத்துக்கொண்டு கணப்படுப்பின் முன் நிற்கிறது. நீட்டிய தளம் காலப்போக்கில் கீழே தொய்ந்ததால் 2002-ல் எஃகு வடங்களைக் கொடுத்து இழுத்துப் பிடித்தார்கள்.

ரைட்டின் வழியும் லெ கார்பூசியேயின் வழியும் சந்தித்த ஓரிடம் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. புதுச்சேரியில் ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்ட் விடுதி. வடிவமைத்தவர் ஆன்டனின் ரேமண்ட்; டோக்கியோவின் இம்பீரியல் ஹோட்டலுக்காக ரைட்டிடம் வேலை பார்த்தவர். கட்டுமானத்தை மேற்பார்த்தவர்களில் ஒருவர் பின்னாளில் மரச்சாமான்களுக்காக உலகப் புகழ் பெற்ற ஜார்ஜ் நாகஷிமா. இன்னொருவர் ஃப்ரான்டிஷெக் சாமர். லெ கார்பூசியேயிடம் இருந்தவர். 1930-களின் பிற்பகுதியில் தொடங்கி ஆசிரமவாசிகளின் கையாலேயே கட்டப்பட்டது. இந்தியாவின் முதல் நவீனக் கான்கிரீட் கட்டடங்களில் ஒன்று.

அதன் வடக்கு, தெற்கு முகப்புகளில் நாம் சுவர் என்று சொல்கிற பொருளே கிடையாது. தரையிலிருந்து கூரைவரை படுக்கைவாட்டில் திருப்பக்கூடிய பலகைகள். திறந்தால் காற்று முழுக்க உள்ளே வரும். மழைச்சாரல் அடித்தால் சாய்த்துக்கொள்ளலாம். வடக்கே நடைபாதை, தெற்கே அறைகள். இரண்டுக்கும் இடையில் தேக்குச் சட்டங்கள் கொண்ட நகர்த்துக் கதவுகள். மூடியிருந்தாலும் இடுக்குகள் வழியாகக் காற்று போகும், ஆள் தெரியாது. கூரையின்மேல் வளைந்த கான்கிரீட் ஓடுகளை இடைவெளி விட்டு அடுக்கியிருப்பதால் வெயில் நேராகத் தளத்தில் விழுவதில்லை. சுமையிலிருந்து விடுபட்ட சுவரைக் கண்ணாடியாக்காமல் காற்றுக்குக் கொடுத்தார்கள். வெப்ப நாட்டுக்கு இதைவிடச் சரியான பதில் உலகில் எங்கேயும் வந்ததாக எனக்குத் தெரியவில்லை. கட்டடக் கலை மாணவர்கள் ஃபாலிங்வாட்டரின் படத்தை அறையில் ஒட்டுவதற்கு முன் இதைப் பார்க்க வேண்டும்.

லெ கார்பூசியேக்கும் வெயில் பாடம் சொன்னது. 1951-ல் சண்டிகர் நகரை வடிவமைக்கும் வேலையை ஏற்றபோது அவர் பழைய வெள்ளைப் பெட்டிக்காரர் இல்லை. உயர் நீதிமன்றத்தில் பெரிய கூரை ஒன்று தனியாகக் கட்டடத்துக்குமேல் குடை பிடிக்கிறது. நடுவில் காற்று ஓடுகிறது. ஜன்னல்களுக்கு முன்னால் ஆழமான கான்கிரீட் தடுப்புகள், பூச்சு வேலை இல்லாமல் சொரசொரப்பாக. சுவர் மறுபடி கனமானது. எடையைத் தாங்க அல்ல, வெயிலைத் தாங்க. அந்த நகரத்தை அவர் தனியாகக் கட்டிவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அவருடைய உறவினர் பியர் ஜானரே, மேக்ஸ்வெல் ஃப்ரை, ஜேன் ட்ரூ, இந்தியக் குழுவில் உர்மிளா யூலி சௌத்ரி போன்றவர்கள் நாள்தோறும் களத்தில் நின்றவர்கள்.

லூயி கான் சுவரை முழுமையாகத் திரும்பக் கொண்டுவந்தார். 1901-ல் எஸ்தோனியாவில் பிறந்து சிறுவயதிலேயே அமெரிக்கா போனவர். ஐம்பது வயதுவரை பெரிதாகச் சொல்லும்படி ஒரு கட்டடம் இல்லை. 1950-ல் ரோமில் சில மாதங்கள் தங்கி, பழைய இடிபாடுகளின் பிரம்மாண்டமான சுவர்களைப் பார்த்தபின் அவர் வேலையே மாறியது. கலிபோர்னியாவின் சால்க் ஆய்வு மையத்தில் (1965) கான்கிரீட் சுவரைக் கிட்டே போய்ப் பார்த்தால், சென்டரிங் பலகைகள் சேர்ந்த இடங்களில் மெல்லிய கோடுகள் புடைத்திருக்கும். பலகைகளை இறுக்கிப் பிடித்த கம்பிகளின் துளைகள் சீரான இடைவெளியில் ஈயத்தால் அடைக்கப்பட்டிருக்கும். நாமானால் பூசி மறைத்திருப்போம். எப்படிக் கட்டினார்கள் என்பதே அந்தச் சுவருக்கு அலங்காரம். ஆய்வகங்களுக்கு இடையிடையே குழாய்க்கும் காற்றுக்கும் மட்டும் ஒரு முழுத் தளத்தையே ஒதுக்கினார். அதனால் ஆராய்ச்சி மாறும்போது சுவரை உடைக்க வேண்டியதில்லை.

அகமதாபாத் ஐ.ஐ.எம்.-இல் அவர் செங்கல்லுக்குப் போனார். வெளிச்சுவரில் பெரிய வட்டத் திறப்புகளும் வளைவுகளும். உண்மையான ஜன்னல் அதற்கு உள்ளே தள்ளி நிழலில் இருக்கிறது. வளைவு பக்கவாட்டில் தள்ளிவிடாமல் இருக்க அதன் அடியில் கான்கிரீட் பட்டை ஒன்று இழுத்துப் பிடிக்கிறது. அந்த இரண்டு பொருளும் தத்தம் வேலையைச் செய்வதை நின்று பார்க்கலாம். 1974 மார்ச்சில் அகமதாபாத்திலிருந்து திரும்பும் வழியில் நியூயார்க் ரயில் நிலையத்தில் மாரடைப்பால் இறந்தார். அந்தக் கட்டடங்கள் 2001 பூகம்பத்தில் அடிபட்டன. 2020-ல் விடுதிகளில் பெரும்பாலானவற்றை இடிக்கப்போவதாக அறிவிப்பு வந்தபோது உலகம் முழுவதிலிருந்தும் எதிர்ப்பு கிளம்பியது.

கானை அங்கே அழைத்து வந்தவர் பாலகிருஷ்ண தோஷி. 1951 முதல் பாரிஸில் லெ கார்பூசியேயிடம் வேலை பார்த்துவிட்டு, அவருடைய அகமதாபாத் கட்டடங்களைக் கவனிக்கத் திரும்பியவர். கட்டடக் கலையின் மிக உயர்ந்த விருதாகக் கருதப்படும் பிரிட்ஸ்கர் விருதை 2018-ல் பெற்ற முதல் இந்தியர். இரண்டு பெரிய ஆசான்களிடமும் கற்றுவிட்டு யாரையும் நகலெடுக்காமல் இருந்தது அவருடைய சாதனை. 'சங்கத்' என்ற அவரது அலுவலகத்தில் (1980) சுவர் பாதி மண்ணுக்குள் இறங்கிவிடுகிறது. மேலே நீள்வளைவுக் கூரைகள், அவற்றின்மேல் வெள்ளைப் பீங்கான் ஓட்டுத் துண்டுகள் வெயிலைத் திருப்பி அனுப்புகின்றன. இந்தூரின் அரண்யா குடியிருப்பில் இன்னும் துணிந்தார். ஏழைக் குடும்பங்களுக்கு அஸ்திவாரம், கழிப்பறை, தண்ணீர், மின்சாரம் என்ற அடிப்படையைக் கொடுத்துவிட்டு, மிச்சத்தைக் கையில் காசு சேரச் சேர அவர்களே கட்டிக்கொள்ள விட்டார். சுவரை என்ன செய்வது என்ற கேள்வியைக் குடியிருப்பவரிடமே ஒப்படைத்த பதில் அது. கட்டடக் கலைக்கான ஆகா கான் விருது 1995-ல் அதற்குக் கிடைத்தது.

பில்லர் இல்லாமலே நவீனமாக இருக்க முடியும் என்று காட்டியவர் லாரி பேக்கர். பர்மிங்காமில் பிறந்து திருவனந்தபுரத்தில் வாழ்ந்து மறைந்தவர். செங்கல்லைப் படுக்க வைக்காமல் பக்கவாட்டில் நிறுத்தி, நடுவில் வெற்றிடம் விட்டுக் கட்டுகிற எலிப்பொறிக் கட்டுமுறையைப் பரப்பினார். கல்லும் சிமென்டும் மிச்சம், உள்ளே சூடும் குறைவு. ஜன்னலுக்குப் பதில் பல இடங்களில் செங்கல் ஜாலி, அதாவது இடைவெளி விட்டு அடுக்கிய துளைச் சுவர். வீட்டுக்கடன் வாங்கிக் கட்டுகிறவர்கள் இன்ஜினியரிடம் துணிந்து கேட்க வேண்டிய விஷயம் இது. சிறிய வீட்டுக்கு, மண் நன்றாக இருந்தால், பில்லர் கட்டாயம் என்று எதுவும் இல்லை.

இதையெல்லாம் படத்தில் பார்த்துப் பழகுவதைவிட நேரில் பார்ப்பது மேல். அதற்கு அகமதாபாத் போதும். ஆசிரமம் சாலையில் லெ கார்பூசியேயின் மில் உரிமையாளர் சங்கக் கட்டடம் (1954) இருக்கிறது. அதைப் பிற்பகலில் பாருங்கள். மேற்கு முகப்பின் சாய்ந்த கான்கிரீட் தடுப்புகள் வெயிலோடு என்ன செய்கின்றன என்பது அப்போதுதான் தெரியும். தோஷியின் 'சங்கத்' அலுவலகத்துக்கும் ஐ.ஐ.எம்.-க்கும் முன்கூட்டியே அனுமதி கேட்டுக்கொள்வது நல்லது. ஒரே ஓர் இடத்துக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் சபர்மதி ஆசிரமத்தில் கட்டடக் கலைஞர் சார்லஸ் கொரியா கட்டிய காந்தி நினைவு அருங்காட்சியகத்துக்குப் (1963) போங்கள். செங்கல் தூண்கள், ஓட்டுக் கூரை, கண்ணாடிக்குப் பதிலாகத் திருப்பக்கூடிய மரப்பலகைகள். சுவர் இருக்கிற இடம் எது, இல்லாத இடம் எது என்று அங்குள்ள சதுரப் பகுதிகளை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே நடந்தால், மேலே சொன்னதில் பாதி அங்கேயே விளங்கிவிடும்.